வித்துராக் கோப்பு

வாயில் புற்று வந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் அதன்பிறகு எத்தனை மாதம் விடாமல் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று கணக்கிடுவது என் வேலையாக இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் மாடியில், பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைத்திருந்த அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசையும் கணினியும் கொடுத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள். பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து தம்பானூரில் இறங்கி, பஸ் மாறிப் போவேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், எம்.எஸ்ஸி. படித்தது ஆங்கிலத்தில். கணினியில் எழுதியது ‘ஆர்’ என்ற மொழியில். புள்ளியியலுக்கென்றே செய்யப்பட்டு இலவசமாகக் கிடைத்த நிரல் மொழி அது. அந்தக் கட்டடத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காக மாதம் ஒருமுறை மருத்துவமனையின் ஜீப் மூன்று இடங்களுக்குப் போகும்: விழிஞ்ஞம், நெய்யாற்றின்கரை, வித்துரா. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டி. வித்துராவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பொன்முடி, போனக்காடு பக்கத்து எஸ்டேட்காரர்கள். அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வரவேண்டிய நாளை ஞாபகப்படுத்தி, வந்தார்களா என்று படிவத்தில் எழுதித் தருவதற்கு ஒரு களப்பணியாளர் இருந்தார். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மலையாளத்தில் மோளே, அதாவது மகளே, என்பார். மாதக் கடைசியில் படிவங்களை ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவார். மழைக்காலத்தில் அவர் புடவை நனைந்திருக்கும், படிவங்கள் நனைந்திருக்காது.

முதல் அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் வந்தது. மூன்று இடங்களுக்கும் மூன்று கோப்புகள். என் நிரலில் விழிஞ்ஞம் ஓடியது, நெய்யாற்றின்கரை ஓடியது. வித்துராக் கோப்பை ஓட்டியதும் திரையில் ஒரு பிழைச்செய்தி வந்தது: மாதங்கள் மேலிருந்து கீழாக இருக்கிற பத்தி எண்ணல்ல, அதன் சராசரியை எடுக்க முடியாது என்று. காலை பதினொரு மணி. மதியம் இரண்டுக்கு எங்கள் திட்டத்தின் தலைவியான டாக்டர் மேடத்தின் கையில் அட்டவணை இருக்கவேண்டும். பத்தியை எண்ணாக மாற்று என்று ஒரு கட்டளை உண்டு, ஒரே சொல். அதைச் சேர்த்தேன். பிழைச்செய்தி போய்விட்டது. எண்கள் வந்தன. ஏன் அப்படிச் சொன்னது என்று நான் திறந்து பார்க்கவில்லை. சாப்பிடப் போனேன்.

மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "வித்துரா ரொம்ப மோசம் இல்லையா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆமாம் மேடம். சீக்கிரமே வராம நின்னுடறாங்க."

"இவ்வளவு தூரம் ஜீப் போயும்."

இரண்டு மாதம் கழித்து நிர்வாகக் குழு கூடியது. வித்துரா முகாமை நிறுத்திவிட்டு, ஜீப்பை விழிஞ்ஞத்துக்கு மாதம் இரண்டு தடவை அனுப்புவதென்று முடிவானது. முகாம் இல்லாத இடத்தில் களப்பணியாளரும் தேவையில்லை. அக்கா அடையாள அட்டையையும் தோள்பையையும் திருப்பிக்கொடுக்க வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"எந்தா மோளே, நம்ம ஆளுங்க வர்றதில்லன்னா கணக்குல வந்தது?"

"கணக்குல அப்படித்தான் அக்கா வருது."

"மாசாமாசம் நாந்தானே கூட்டிட்டு வந்தேன். வண்டி வர்றதுக்கு முன்னயே வந்து வரிசையில உக்காந்திருப்பாங்க. நீ ஒரு பிராவசியமாவது வந்து பாத்திருக்கலாம்."

மொத்தமாகப் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும், ஒவ்வொருவராகப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றும் என்று அவருக்கு விளக்கினேன். வகுப்பில் சொல்வதுபோலப் பொறுமையாகவே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "செரி, நீ படிச்சவ, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் என்னைவிட்டுப் போகாமல் இருக்கிறது.

அடுத்த வருடம் மேடம் ஒரு யோசனையோடு வந்தார். வேறு மருத்துவமனைகளும் எங்களைப் போலவே கணக்கிட விரும்புகின்றன. நான் எழுதிய நிரல்களையெல்லாம் ஒரு தொகுப்பாக்கிக் கொடுக்க முடியுமா என்றார். ஆர் மொழியில் அதை பேக்கேஜ் என்பார்கள். நிரல்கள், அவற்றுக்கான உதவிக் குறிப்புகள், பழகிப்பார்க்க ஒரு மாதிரிக் கோப்பு எல்லாவற்றையும் சொல்லிவைத்த அடுக்கில் ஒரே மூட்டையாகக் கட்டவேண்டும். கட்டிய பிறகு ஒரு சோதனைக் கட்டளை உண்டு. அது மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, குறைகளைப் பட்டியல் போடும். மாதிரிக் கோப்பாக நான் எடுத்துக்கொண்டது வித்துராவை. மூன்றில் அதுதான் சின்னது. பெயர்களை நீக்கிவிட்டு உள்ளே வைத்தேன்.

மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று மேடத்திடம் சொன்னேன். ஐந்து மாதம் ஆயிற்று. முதலில் மூட்டையே கட்ட வரவில்லை. வேகத்துக்காக ஒரு பகுதியை ‘சி’ மொழியில் எழுதியிருந்தேன். அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கருவிகள் என்னிடம் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. இறக்கிக்கொள்ளலாமென்றால் மருத்துவமனை இணைப்பு பாதியில் அறுந்துபோகும். எல்லாம் சேர்ந்த பிறகும் ஓடவில்லை. கோப்புறையின் பெயரில் ஒரு இடைவெளி இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எட்டு நாள். பிறகு உதவிக் குறிப்பில் ஒரு அடைப்புக்குறி மூடவில்லை. பிறகு நிரலில் இருக்கும் ஒரு பெயர் குறிப்பில் இல்லை என்றது. ஒன்றைச் சரிசெய்தால் இரண்டு முளைத்தது. சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடினால் அந்தக் குறைப்பட்டியல் வரிவரியாக ஓடும். உலகம் முழுக்க ஆர் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. அதில் பயந்து பயந்து ஒரு கேள்வி போட்டேன். கையேட்டைப் படித்துவிட்டு வரவும் என்று ஒரு வரி பதில் வந்தது. கையேட்டை நான்கு தடவை படித்திருந்தேன். அதற்குப் பிறகு அங்கே கேட்கவில்லை.

ஒருவழியாக என் கணினியில் குறை எதுவும் இல்லை என்று வந்தது. இன்னொரு கணினியிலும் ஓட்டிப் பார்த்தால்தான் வெளியே கொடுக்கலாம். காரியவட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கரமனை அக்ரஹாரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், கேட்ட உதவியைச் செய்துவிடுவார். அவரிடம் லினக்ஸ் கணினி இருந்தது. மாதிரிக் கோப்புக்கு என் கணினியில் வந்த விடைகளையும் சேர்த்து சி.டி.யில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் போன் செய்தார்.

"பேக்கேஜ் இங்க நன்னா பில்ட் ஆயிடுத்து. ஆனா உங்க விடையோட ஒத்துப்போகல. எல்லாம் ஒண்ணு கொறச்சலாக்கும் வர்றது."

"எது ஒண்ணு குறையுது?"

"மாசம். உங்க மெஷின்ல பதினாறுன்னா இங்க பதினஞ்சு."

எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஒன்று குறைவதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரணம் உண்டு. சி மொழி சுழியத்திலிருந்து எண்ணும், ஆர் ஒன்றிலிருந்து எண்ணும். இரண்டையும் சேர்த்து எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் தடுக்கி விழுவது வழக்கம். நானும் அங்கேதான் விழுந்திருப்பேன் என்று நம்பி, சி பகுதியை வரிவரியாகப் பார்த்தேன். இல்லை. முழுதையும் அழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினேன். அப்போதும் ஒன்று குறைந்தது. சி பகுதியையே தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஆரிலேயே எழுதினேன். வேகம் போனது, வித்தியாசம் போகவில்லை. விழிஞ்ஞம் கோப்பைப் போட்டால் இரண்டு கணினியிலும் ஒரே விடை வந்தது. வித்துராவைப் போட்டால்தான் குறைந்தது. நிரல் ஒன்று, கோப்புதான் வேறு என்றால் கோப்பில்தானே கோளாறு இருக்கவேண்டும்? அதை ஒரு மணி நேரத்தில் யோசித்திருக்கலாம். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. என் நிரலில்தான் தப்பு என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நாட்களில் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று ஒரு நாள் ராஜினாமாக் கடிதம்கூட எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எழுதிய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கோப்பைப் படித்து எண்ணாக மாற்றியதும் கிடைக்கும் மாதங்களை மட்டும் ஒவ்வொரு நோயாளியாக அச்சடித்தேன். கரமனைக்காரரிடமும் அதையே அச்சடிக்கச் சொல்லி காரியவட்டத்துக்கே பஸ் ஏறிப் போனேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வந்தோம். ஒன்று குறைவு, ஒன்று குறைவு, ஒன்று குறைவு. நாற்பத்தோராவது நோயாளியிடம் வந்தபோது ஸ்கேல் நின்றது. என் தாளில் ஒன்று என்று இருந்தது. அவர் தாளில் அந்தப் பத்தியிலேயே பெரிய எண்.

அவர் மூலக் கோப்பைத் திறந்து, அந்த வரியைத் திரையில் காட்டினார். மாதம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

"இது எண்ணில்லையே" என்றார். "ஒண்ணு எண்ணில்லாம போனாலும் ஆர் அந்தப் பத்தியை மொத்தமா எழுத்துன்னு எடுத்துண்டுடும். எழுத்தை அகராதி வரிசையில அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்கும். எங்க மெஷின்ல கேள்விக்குறி வரிசையில கடைசி, உங்க மெஷின்ல முதல். அதுனாலயாக்கும் எல்லாம் ஒண்ணு தள்ளிப்போறது. நீங்க எண்ணா மாத்துன்னு சொல்றப்போ அது குடுக்கறது அந்த வரிசை நம்பரை."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கணினிகளுக்கு இடையில் இருந்த அந்த ஒன்று ஒரு பொருட்டே அல்ல. என் கணினியில் வந்ததும் தப்பு, அவருடையதில் வந்ததும் தப்பு. முப்பத்தாறு மாதம் விடாமல் வந்தவருக்கு என் தாளில் பதினாறு என்று இருந்தது. அகராதி வரிசையில் முப்பத்தாறின் இடம் பதினாறு, அவ்வளவுதான். முதல் இலக்கத்தை வைத்தே அடுக்கியதால், ஒன்பது மாதம் வந்தவருக்கு ஏதோ பெரிய எண் கிடைத்திருந்தது. என் அட்டவணையில் வித்துரா என்று ஒன்றும் இல்லை, வெறும் வரிசை எண்கள்தான் இருந்தன. ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது, அன்று காலை பதினொரு மணிக்கு, ஒரு பிழைச்செய்தியை வாயடைக்க நான் சேர்த்த அந்த ஒரு சொல் அதைச் செய்திருந்தது.

"கண்டுபிடிச்சாச்சே, ஒரு சாயா குடிக்கலாமா?" என்று அவர் கேட்டார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. நான் பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அலமாரியிலிருந்து மூலப் படிவத்தை எடுத்தேன். அக்காவின் கையெழுத்து. மாதம் என்ற கட்டத்தில் கேள்விக்குறி. ஓரத்தில் சின்ன எழுத்தில்: வீடு பூட்டு. ஒருத்தர் தென்காசிக்குப் போனார் என்கிறார், ஒருத்தர் இல்லை என்கிறார். தெரியவில்லை. தட்டச்சு செய்தவர் அதை உள்ளபடியே ஏற்றியிருந்தார். கேள்விக்குறியை நீக்கிவிட்டு முறையாக எண்ணாக்கி மறுபடி ஓட்டினேன். மூன்று இடங்களில் வித்துராதான் முதலில் வந்தது.

மேடத்திடம் அன்றே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் மோசமானவர் இல்லை. திருத்திய அறிக்கையை எழுதச் சொன்னார், தன் பெயரிலேயே குழுவுக்கு அனுப்பினார். குழு கூடிய அன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தவர், திருத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள் என்றார்.

"வித்துரா, மேடம்?"

"ஜீப்பை விழிஞ்ஞத்துக்குக் குடுத்தாச்சு. அங்கே ஜனங்க பழகிட்டாங்க, இனி அதை நிறுத்த முடியாது." படியிறங்கும்போது நின்றார். "உன் எண் சரியா வந்திருந்தாலும் வித்துராவைத்தான் நிறுத்தியிருப்பாங்க. மலை ரோட்டுக்குப் போக டாக்டர்கள் யாருக்கும் இஷ்டமில்லை. நீ மனசுல வச்சுக்காதே."

அவர் உண்மையைச் சொன்னாரா, என்னைத் தேற்றினாரா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. உண்மையாக இருந்தால், நான் சரியாகச் செய்திருந்தாலும் பயனில்லை. தேற்றினார் என்றால், எல்லாம் என்னால். இரண்டில் எது மேல் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அக்காவிடம் சொல்ல வித்துராவுக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்கு இருந்தார். கடைக்குப் பின்னால் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசினோம். அகராதி வரிசையையெல்லாம் எப்படிச் சொல்வது? உங்கள் படிவத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது, அதை நான் கவனிக்கவில்லை, அதனால் எல்லா எண்ணும் மாறிப்போயிற்று, உங்கள் ஆட்கள்தான் மூன்று இடத்திலும் ஒழுங்காக வந்தவர்கள் என்று சொன்னேன்.

அவர் அதைத் திரும்ப ஒருமுறை தனக்குள் சொல்லிப்பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்போ நான் அந்தக் கட்டத்துல சும்மா ஒரு நம்பர் எழுதியிருந்தா கிளினிக்கு இருந்திருக்கும், அல்லே?"

"தப்பு உங்களுது இல்ல அக்கா. நான்..."

"அது மனசிலாச்சு. நான் கேட்டது அதில்ல. எழுதியிருந்தா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.

"ட்ரெயினிங்ல மேடம் சொன்னாங்க, தெரியாததைத் தெரியாதுன்னு எழுதணும்னு." ஒரு பெட்டியின் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தார். "நல்ல எழுத்துக்கு எனக்கு ஒரு பேனா குடுத்தாங்க அன்னிக்கு."

கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் ஓர் உதவி கேட்டார். போனக்காட்டில் ஒரு பாட்டி. முகாம் நின்ற பிறகு நகரத்துக்கு இரண்டு தடவை வந்தார், பஸ்ஸில் வாந்தியெடுத்து மயங்கி, பிறகு வரவே இல்லை. இப்போது தாடையில் வீக்கம். கூட்டிக்கொண்டு வந்தால் டோக்கன் எடுத்துவைக்க முடியுமா?

முடியும் என்றேன். அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்று டோக்கன் எடுத்தேன். அக்கா பாட்டியின் முழங்கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். பாட்டி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வலிக்கு மாத்திரை எழுதினார்.

"எந்தாணு பறஞ்சது?" டாக்டர் என்ன சொன்னார் என்று பாட்டி அக்காவிடம் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"மாத்திரை தந்திருக்கு பாட்டி. வலி குறையும்" என்றேன்.

"அடுத்து எப்ப வரணும்?"

"நீங்க வரவேண்டாம். மாத்திரையை அக்கா கொண்டுவந்து தருவாங்க."

பாட்டியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்தப் பஸ் இனி ஏறவேண்டாம் என்பதுதான் அவருக்குக் கேட்டிருக்கும். தம்பானூர் வரை கூடப் போய் வித்துரா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். உனக்கு ஆபீசுக்கு நேரமாகும், போ மோளே என்று அக்கா சொன்னார். நான் போகவில்லை. பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

பேக்கேஜ் அந்த மாதமே முடிந்தது. சோதனையில் ஒரு குறையும் வரவில்லை. சில மருத்துவமனைகள் வாங்கிக்கொண்டன, இரண்டு இடத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்க மேடம் கேட்டார், நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அக்கா கடையிலிருந்து போன் செய்தார். பாட்டி போய்விட்டார் என்று சொன்னார். எப்போது என்று கேட்டேன். போன வெள்ளி என்றார். கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லையாம். பிறகு, மழை வலுக்குது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.